நான் எடுத்துக்கொடுக்காத வரி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இருக்கிறோம், உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, என் வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், நினைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை, நீ பேசி இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. அன்றைக்குப் போனில் சின்னவள் வாய்ப்பாடு மனசில் நிற்கவில்லை என்று சிணுங்கியபோது அம்மா அவளிடம், “உங்கம்மாவுக்கே கணக்கு வராதுடி செல்லம், வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்த சாரையே ஓட வச்ச ஆளு அவ” என்று சொல்லிச் சிரித்தாள். நீ போனை வாங்கி, அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். மூன்று வாரமாக அந்தப் பால் காய்ந்துகொண்டே இருக்கிறது. அம்மா மேல் தப்பில்லை, இருபத்தெட்டு வருஷமாக இந்த வீட்டில் ஓடுகிற வேடிக்கை அது, ஆரம்பித்து வைத்தவன் நான். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நேரே அதற்குள் இறங்கக் கை வரவில்லை, முதலில் வீட்டுச் சமாச்சாரங்களைச் சொல்லிவிடுகிறேன்.

சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. குழாய்க்காரர் மூன்று தரம் வந்து பார்த்துவிட்டு, ஒவ்வொரு தரமும் முதல் தரம் பார்க்கிற மாதிரி ஆச்சரியப்பட்டுப் போனார். உன் அத்தைக்கு இரண்டாவது கண்ணிலும் ஆபரேஷன் ஆகிவிட்டது, இப்போது நன்றாகத் தெரிகிறதாம், தெரிய ஆரம்பித்ததிலிருந்து மருமகள் பாத்திரம் துலக்குவதில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு முன்போல எதிலும் சுறுசுறுப்பு இல்லை, பேப்பரைப் பிரித்தால் முதல் பக்கத்திலேயே சோர்வு வந்துவிடுகிறது. நீ அங்கே குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, நூலகத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காதே, என் முழங்கால் உனக்கும் வந்துவிடப் போகிறது.

எங்கள் நாடகக் குழுவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். எல்லோரும் வேலைக்குப் போய் வந்து மிச்ச நேரத்தில் நடிக்கிறவர்கள், என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் இரண்டு பேர். நான் பிராம்ப்டர். பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், மடியில் நாடகப் பிரதி, யாராவது வசனம் மறந்தால் முதல் இரண்டு வார்த்தையை மெல்ல எடுத்துக்கொடுக்க வேண்டும். முழு வரியையும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் முன்வரிசைக்குக் கேட்டுவிடும். நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பேன், வசனம் மறக்கப் போகிறவருக்கு முதலில் கால்தான் தடுமாறும். பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருப்பவருக்கு வலது குதிகால் எழும்பும், நர்ஸ் பெண்ணுக்குக் கட்டைவிரல் மடங்கும். குதிகால் எழும்பும்போதே நான் வார்த்தையை விட்டுவிடுவேன். ஒன்பது வருஷத்தில் ஒருத்தரையும் மேடையில் தவிக்க விட்டதில்லை என்று எனக்கு ஒரு நல்ல பெயர். ஊருக்கெல்லாம் எடுத்துக்கொடுக்கிறவர் வீட்டில் வாயைத் திறக்க மாட்டார் என்று அம்மா கேலி செய்வாள்.

இந்தத் தடவை நாடகத்தை எழுதியவர் எங்கள் குழுவில் மருந்துக்கடை வைத்திருக்கிற அம்மா, இயக்கியதும் அவர்தான். கதை இதுதான். கல்யாணமாகிப் போன மகள் ஒருத்தி வெகு நாள் கழித்துப் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். சின்ன வயதில் அந்த வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதர் அவளிடம் செய்யக் கூடாததைச் செய்திருக்கிறார். வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும், ஆனால் ஆளுக்கொரு காரணத்துக்காக மென்று முழுங்கிவிட்டார்கள். அம்மாக்காரிக்குக் குடும்ப மானம், அண்ணனுக்கு அந்தப் பெரியவர் வாங்கிக்கொடுத்த வேலை, அப்பாக்காரர் ஏன் வாய் திறக்கவில்லை என்பது மட்டும் கடைசிக் காட்சி வரை தெரியாது. மருந்துக்கடை மாடியில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒத்திகை நடந்தது. ஒருநாள் அந்த அம்மா எல்லோரையும் உட்கார வைத்து, அப்பா ஏன் சும்மா இருந்தார் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். அப்பாவாக நடிக்கிற டைம்கீப்பர், “பயந்தாங்கொள்ளிங்க, வேற என்ன” என்றார். மகளாக நடிக்கிற நர்ஸ், “அவருக்கு நிஜமாவே தெரிஞ்சிருக்காது, பாவம்” என்றாள். நான் ஸ்டூலில் இருந்தபடியே, கேட்காமலே வாயைத் திறந்தேன். “தெரியும்மா. அன்னைக்கே கேட்கலை. மறுநாள் கேட்டா நேத்து ஏன் கேட்கலைன்னு வரும். ஒரு வாரம் போனா, ஒரு வாரம் என்னய்யா பண்ணிக்கிட்டு இருந்தேன்னு வரும். அப்புறம் பொண்ணைக் காப்பாத்துறது போயி, நல்லவன்ங்கிற பேரைக் காப்பாத்துறதே முழுநேர வேலை ஆயிடும்” என்றேன். மருந்துக்கடை அம்மா அதைப் பிரதியின் ஓரத்தில் எழுதிக்கொண்டு, “எப்படி சார் இவ்ளோ சரியா சொல்றீங்க?” என்றார். எங்கேயோ படித்தது என்று சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாடகம். பள்ளிக்கூட மண்டபத்தில் நாற்காலி போதாமல் பெஞ்சு இழுத்துப் போட்டார்கள், அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தாள். கடைசிக் காட்சி வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. மகள் அப்பாவின் முன்னால் வந்து நிற்கிறாள், ஒன்றும் கேட்பதில்லை, நிற்கிறாள், அவ்வளவுதான். அப்பா சொல்ல வேண்டிய வரி, “நான் அன்னைக்குக் கதவுக்கு வெளியதான் நின்னேன்” என்பது. டைம்கீப்பரின் குதிகால் எழும்பியது. பார்த்தேன். வரி என் விரலுக்கடியில் இருக்கிறது, வெளிச்சமும் இருக்கிறது, கண்ணாடியும் போட்டிருக்கிறேன். ‘நான் அன்னைக்கு’ என்று இரண்டே வார்த்தை, அது என் வாயிலிருந்து வரவில்லை. வரிமேல் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். டைம்கீப்பர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்துவிட்டார், பார்க்கவே கூடாது, பார்த்துவிட்டார். அப்புறம் மனுஷன் எதையாவது சொல்லித் தப்பிக்க வேண்டுமே என்று, “நான் அன்னைக்கு ஊர்லயே இல்லம்மா” என்று சொல்லிவிட்டார். நாடகமே கவிழ்ந்தது என்று நினைத்தேன். அந்த நர்ஸ் பெண் ஒரு அடி முன்னால் வந்து, “இருந்தீங்க. கதவுக்கு வெளியதான் நின்னீங்க, நான் பார்த்தேன்” என்றாள். பிரதியில் இல்லாத வசனம். மண்டபம் முழுக்கக் கைதட்டல், இதுதான் நாடகத்தின் உச்சம் என்று வெளியே போகும்போது பேசிக்கொண்டார்கள். டைம்கீப்பர் மட்டும் என்னிடம் வந்து, “என்ன சார், வாயைத் தைச்சு வச்சுட்டீங்களா?” என்று கேட்டார். தூக்கம் சொருகிவிட்டது என்றேன்.

கைதட்டல் எனக்குச் சந்தோஷமாக இல்லை கண்ணு. அப்பன் சொல்ல வேண்டியதை அந்தப் பெண் தானே சொல்லும்படி ஆகிவிட்டதே என்றுதான் இருந்தது. நீயும் ஒருநாள் என் முன்னால் வந்து நின்று உன் வாயால் சொல்லும்படி ஆகக் கூடாது, அதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். உனக்குப் பத்து வயசு. எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு சனிக்கிழமைகளில் வந்து உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார், அவராகவே கேட்டு வந்தார், எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கு நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன், அம்மா கடைக்குப் போயிருந்தாள், முன் அறைக் கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது. நான் பார்த்ததை எழுத மாட்டேன், அது உனக்குத் தெரியும். நீ என்னைப் பார்த்தாய். பார்த்திருக்க மாட்டாய் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பார்த்தாய். நான் கதவைத் தட்டி, “டீ போடட்டுமா சார்?” என்று கேட்டேன். அதுதான் உன் அப்பன் கேட்ட கேள்வி. போட்டுக் கொடுத்தேன், அவர் குடித்தார், நீ நோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாய்.

அடுத்த வாரமே அவரை வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன், அதை வைத்துத்தான் இத்தனை நாளும் எனக்கு நானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் எப்படி நிறுத்தினேன்? பெண்ணுக்குக் கணக்கு மண்டையில் ஏறவில்லை, பிடிவாதம் பிடிக்கிறாள், உங்கள் நேரம்தான் வீண் சார் என்று ஆபீசில் நாலு பேர் முன்னால் சொல்லி நிறுத்தினேன். அம்மாவிடமும் அதையே சொன்னேன், அத்தையிடமும் அதையே சொன்னேன். அவர் முகமும் கெடவில்லை, என் வேலைக்கும் பங்கம் வரவில்லை, உன்னை மக்கு என்று சொல்லி நாங்கள் இரண்டு ஆம்பளைகளும் தப்பித்துக்கொண்டோம். அதற்கு முன் எத்தனை சனிக்கிழமை என்று உன்னிடம் நான் கேட்டதே இல்லை. காலண்டர் தாளின் பின்பக்கமெல்லாம் வீட்டுப் படம் போட்டுத் தள்ளுவாயே, கட்டடம் வரைகிற படிப்புக்குப் போகிறேன் என்று நீ வந்து நின்றபோது, அதற்கெல்லாம் கணக்கு வேணுமேம்மா என்று உன்னிடம் சொன்னவனும் நான்தான். சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாகிவிட்டது. அந்த ஆள் கீழே இன்னும் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். அவர் இறந்தபோது இரங்கல் கூட்டத்தில் நேர்மையானவர் என்று பேசினேன். சின்னவளை எந்த டியூஷனுக்கும் அனுப்ப மாட்டேன் என்கிறாய், இப்படியா பொத்திப் பொத்தி வளர்ப்பது என்று அம்மா குறைப்பட்டுக்கொள்கிறாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டியிருக்கிறேன். காரணம் தெரிந்தே ஆட்டியிருக்கிறேன்.

நேற்று மத்தியானம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். மடித்த துண்டை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள், பிறகு, “அப்போ அவளுக்குக் கணக்கு வந்துச்சா?” என்று கேட்டாள். வந்தது என்றேன். பரண் மேலிருந்த பழைய சூட்கேசை அவளே இறக்கி, கிளறி, உன் நான்காம் வகுப்பு மதிப்பெண் அட்டையை எடுத்து என் மேஜையில் வைத்தாள். கணக்கில் தொண்ணூற்று நான்கு. கீழே பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் என் கையெழுத்துதான் இருக்கிறது. “என்னையும் சேர்த்துச் சிரிக்க வச்சுட்டீங்களே” என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள், அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. சாப்பாடு வைக்கிறாள், பேசவில்லை. கடிதத்தின் அடியில் அவள் வழக்கமாக எழுதும் இரண்டு வரி இந்தத் தடவை இருக்காது, தனியாக எழுதுவாள் என்று நினைக்கிறேன், உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல் போன் பக்கத்தில் போய்ப் போய் வருகிறாள். அவளுக்கு ஒன்றுமே தெரியாது, அவளை மட்டும் தப்பாக நினைக்காதே. இனிமேல் எடுத்துக்கொடுக்க வர மாட்டேன் என்று பிரதியை மருந்துக்கடை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் சார் என்று கேட்டார், முழங்கால் என்றேன். பழக்கம் விடவில்லை, பார்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் கூசுகிறது, கேட்டால் கொடுத்தாக வேண்டுமே என்ற கட்டாயம் உனக்கு வந்துவிடும். எனக்குப் பதில் எழுத வேண்டாம், பேச வேண்டாம், கோபப்படத் தோன்றினால் படு, எவ்வளவு நாளானாலும் படு. மாப்பிள்ளையிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், அத்தையிடம் நான் சொன்ன பொய்யை நானே போய்த் திருத்திவிட்டு வருகிறேன், இந்த வாரமே. நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், நான் ஆசீர்வாதம் செய்தால் பலிக்குமோ என்னவோ, அம்மா செய்வது பலிக்கும். மதிப்பெண் அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன், மடிப்பில் கிழிய ஆரம்பித்திருக்கிறது, பார்த்துப் பிரி. சின்னவளிடம் அதைக் காட்டு. அம்மாவுக்குக் கணக்கு நன்றாக வரும், தாத்தா பொய் சொல்லிவிட்டார் என்று மறக்காமல் சொல்.

இப்படிக்கு,
கதவுக்கு வெளியே நின்ற
உன் அப்பா