குழாய்க் கழுத்தில் பல் தடம்

வெள்ளக்கடை
12.2.1988

அன்பு மகள் ஆராயிக்கு அப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். சேலத்தில் உன் கோபமும் நல்ல சுகத்தோடு இருப்பதாகக் கேள்வி.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ ஐ.டி.ஐ. சான்றிதழ் வாங்கப் போன அன்று, ஏற்காடு லாட்ஜில் நீ மாட்டிய புதுக்குழாய் ஒன்று சொட்டுகிறது என்று கூட்டிப் பெருக்கும் மல்லிகா ஆள் அனுப்பினாள். முதலாளி கோவிந்தராஜ் ஊரில் இல்லை. உன் பேர் கெடக்கூடாதே என்று எட்டாங்கிளாஸ் இன்ஜினியர் நான் கிளம்பினேன். எஸ்டேட்டில் காப்பிப்பழம் உரிக்கும் மெஷினுக்குச் சாக்குத்துணி சுற்றித்தானே பைப் ரெஞ்சு போடுவேன்? அப்படியே போட்டேன். ஒன்றோடு நிறுத்தினேனா? எல்லா அறையிலும் ஒரு இறுக்கு. கரண்ட் வேறு இல்லை. மறுநாள் பகலில் பார்த்தால், பளபளப்பு முலாமெல்லாம் நாய் கடித்த மாதிரி இருக்கிறது.

சொட்டுவது நின்றதா இல்லையா? வந்து சேர், கண்ணு.

அப்பா, அங்கப்பன்

சேலம்
17.2.1988

அப்பாவுக்கு,

சொட்டுவது நின்றது. என் வேலையும் நின்றது. ஊர் திரும்பிய முதலாளி, கெடுத்தது நான்தான் என்று நினைத்து, இனி வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ரெஞ்சின் பல் சாக்கு இழைக்குள் புகுந்து இறங்கும். வழுவழுப்பான உலோகத்தில் முதலில் எண்ணெய் போகத் துடைக்க வேண்டும். பிறகு சைக்கிள் டியூபைச் சுற்றி, தோல்வாரைப் போட்டு இறுக்கித் திருப்ப வேண்டும். எத்தனை தடவை சொன்னேன்? "எனக்கே வாத்திச்சியா?" என்றீர்கள்.

அதைக்கூட விட்டுவிடுவேன். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குங்க ஃபிட்டர் வேலை? பாருங்க, கடிச்சு வெச்சிருக்குது" என்று முதலாளி சொன்னபோது பக்கத்தில் நின்று நீங்களும் சிரித்தீர்களாம். மல்லிகா அக்கா சொன்னாங்க.

கடித்தது உங்கள் கை என்று அவரிடம் சொல்லுங்கள். அதுவரை ஊட்டுக்கு வரமாட்டேன். கண்ணு, சாமி என்று எழுதவும் வேண்டாம்.

ஆராயி

வெள்ளக்கடை
24.2.1988

ஆராயிக்கு,

பார், வெறும் பேர்தான் போட்டிருக்கிறேன்.

சிரித்தது நிஜம். முதலாளி சிரித்தால் எனக்கும் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. நேற்றுப் போய் உள்ளதைச் சொன்னேன். "ஏனுங்க அங்கப்பண்ணா, புள்ளப் பாசமுங்களா? இத்தன வருசம் மெஷின் பாத்த கையி இப்படிச் செய்யுமா?" என்றார். என்னை யாரும் இவ்வளவு புகழ்ந்ததே இல்லை. கொஞ்ச நேரம் அனுபவித்தேன்.

பிறகு ரெஞ்சையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு அவர் சொந்தக் குளியலறைக்கே போனேன். அவர் கண் முன்னாலேயே ஒரு இறுக்கு. சாக்கைப் பிரித்துக் காட்டினேன். அதே கடி.

லாட்ஜ் கேட்டுக்கு வெளியே நான் முதலில் வந்தேன், என் பை அப்புறம் வந்து விழுந்தது. "புள்ளைய வரச் சொல்லு. நீ இந்தப் பக்கம் கால் வெக்காத" என்றார். உன் அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. வா.

அங்கப்பன்

ஏற்காடு
3.3.1988

அப்பாவுக்கு,

திங்கட்கிழமையே வேலையில் சேர்ந்துவிட்டேன். முதலாளி அறைக் குழாயையும் சேர்த்து எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. அவர் டார்ச் அடித்துத் தடம் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை.

மல்லிகா அக்கா ஊட்டில் தங்கியிருக்கிறேன். வெள்ளக்கடை பஸ் தினமும் லாட்ஜ் வாசலில் நின்றுதான் போகிறது. ஏறத் தோன்றவில்லை. நீங்கள் சிரித்ததை நினைத்தால் இன்னும் எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அனுப்புங்கள். நீங்களும் வந்தால் கேட்டுக்கு வெளியிலேயே நில்லுங்கள். முதலாளி உள்ளே விட்டாலும் வராதீர்கள்.

ஆராயி