எத்தனை துணி வைத்தோம்

மார்ச் 4, செவ்வாய்

அவசர ஆபரேஷன் கேஸ் ஷீட்டுகளைச் சரிபார்க்கும் வேலை இந்த மாதம் என் தலையில். சிலவற்றில் நேரம் குறிக்கவில்லை, சிலவற்றில் கையெழுத்து இல்லை, ஒன்றில் நோயாளியின் பெயரே இல்லை. டாக்டர்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரையும் ஒரு பிடி பிடித்தேன்.

சாயங்காலம் மேலூர் கல்குவாரியிலிருந்து காசிமாயன் என்பவரைக் கொண்டுவந்தார்கள். கல் சரிந்து கல்லீரல் கிழிந்திருந்தது. ரத்தம் நிற்க வயிற்றுக்குள் துணிகளை வைத்து அழுத்தி, அப்படியே மூடினோம். இரண்டு நாளில் எடுக்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

துணிகளை எடுக்கும் ஆபரேஷன் எங்கள் சீனியர் பாலமுரளி சாருடையது. தியேட்டரிலிருந்து போன்.

"ரம்யா, நாலு எடுத்தாச்சு. மொத்தம் எத்தனை வச்சீங்க? ஷீட்ல துணி வச்சதா மட்டும்தான் இருக்கு, எண்ணிக்கை இல்ல."

எழுதியது நான். நானேதான்!

நாலா, அஞ்சா? நர்ஸ் பலகையில் எழுதிய கணக்கை அடுத்த கேஸுக்காக அழித்துவிட்டார்கள். அந்தக் கேஸுக்குத்தான் நானும் ஓடினேன், அப்புறம் எழுதிக்கலாம்னு... ஐயோ, ஞாபகமே வரல.

டேபிளில் வைத்தே எக்ஸ்ரே எடுத்தார்கள். கல்லீரலுக்குப் பின்னால் ஐந்தாவது; அதில் தைத்திருந்த எக்ஸ்ரே இழை காட்டிக்கொடுத்தது. அதை எடுப்பதற்குள் ஒரு மணி நேரம் கூடுதலாகிவிட்டது, பிரஷர் இறங்கிவிட்டது. இப்போது வென்டிலேட்டரில் இருக்கிறார்.

மார்ச் 7

"வரியில எடம் இருக்குல்ல? 'ஐந்து'ன்னு சேத்துருங்க," என்றார் சார். சேர்த்தேன். அதே பேனா.

மார்ச் 8

காசிமாயனுக்குக் காய்ச்சல் 103. அவர் மனைவி முத்துத்தாய் வராந்தாவில் வழிமறித்தார்.

"அம்புட்டு நேரம் ஏன் உள்ள வச்சிருந்தீக டாக்டரம்மா?"

சிக்கலான கேஸ் என்று சொல்லி நழுவினேன். என்னை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

மார்ச் 10

காய்ச்சல் இறங்கவில்லை. எனக்குச் சாப்பாடும் இறங்கவில்லை.

மார்ச் 12, புதன்

கேஸ் ஷீட் கூட்டம். துறைத் தலைவர் வசுந்தரா மேடம் ஒன்றைத் திரையில் போட்டார். "எண்ணிக்கையோட எழுதியிருக்காங்க பாருங்க. இப்படித்தான் எழுதணும்."

என்னுடையது!

பாலமுரளி சார் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தேன்.

"மேடம், அந்த 'ஐந்து' மூணு நாள் கழிச்சுச் சேத்தது."

"யாரு சேக்கச் சொன்னது?"

"எழுதினது நான், மேடம்."

மார்ச் 13

மெமோ வந்துவிட்டது. இன்றைய தேதி, நேரம் போட்டு நடந்ததை முழுசாகக் கேஸ் ஷீட்டில் எழுதினேன்.

மார்ச் 19

காசிமாயன் இன்று கஞ்சி குடித்தார். முத்துத்தாயை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அடித்துவிடுவாரோ என்றுகூட நினைத்தேன். என் கையிலிருந்த கேஸ் ஷீட்டைக் காட்டினார்.

"இப்பச் சொன்னத அதுல எழுதியிருக்கீகளா?"

"எழுதியிருக்கேன்மா."

"வாசிங்க."

இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் வாசித்தேன். ஐந்தாவது துணி வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

"நிப்பாட்டாதீக," என்றார்.