பதிலுக்கு விட்ட இடைவெளி

நம் ஊர் கலயோகியில் இருக்கும் என் அன்புக் கணவர் உர்ஹோவுக்கு, துர்க்கு நகரத்திலிருந்து ஹில்யா எழுதுவது. தேவ சமாதானம் உங்களோடு இருப்பதாக. இடுப்பு வலி தேவலையா? நான் சுகம்.

இங்கே மின்சாரக் கம்பெனிக்கு வரும் போன்களைத் தானே எடுத்து, "பில்லுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று சொல்லும் இயந்திரத்தை நான்தானே அமைத்தேன்? குரலும் என்னுடையதுதான். நம் சபை வழக்கப்படி முதலில் "தேவ சமாதானம்" என்று சொல்லி, பதிலுக்குக் கொஞ்சம் இடைவெளியும் விட்டிருந்தேன். மேலாளர் மார்கெத்தா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஏன் ஹில்யா, கரண்ட் பில் கேக்க வர்றவங்களை ஜெபத்துக்கா உக்கார வைக்கிறே?"

"வாழ்த்து சொன்னா பதிலுக்குக் காத்திருக்க வேண்டாமாம்மா?"

"மெஷினுக்கு எவ பதில் சொல்லப் போறா? திங்கட்கிழமையிலேர்ந்து கம்ப்யூட்டர் குரல்தான். நீயே மாத்திடு."

மாற்றுவதற்கு முன் பதிவான அழைப்புகளைக் கேட்டுப் பார்த்தேன். அந்த இடைவெளியில் எல்லோரும் பெருமூச்சுதான் விடுகிறார்கள். ஒரே ஒரு எண்ணிலிருந்து மட்டும் தினமும் பதில் வருகிறது.

"தேவ சமாதானம், அம்மா."

நம் மகள் லெம்பிதான். எதையும் அழுத்தாமல் கடைசி வரை கேட்டுவிட்டு வைக்கிறாள். வீட்டு போன் கட்டணம் ஏன் ஏறியது என்று கேட்டிருந்தீர்களே, இதனால்தான். அவளைத் திட்டாதீர்கள்.

கெஞ்சிப் பார்த்தேன், மார்கெத்தா மசியவில்லை. கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள், அறை சில்லிடுகிறது. லெம்பியிடம் விஷயத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். தபால்காரர் வந்துவிட்டார்.

உங்கள் ஹில்யா