எலுபெயின் நன்னடத்தைத் தாள்

ம்சூசு,
ஞாயிறு மதியம்

அன்பு மகள் தெம்வாவுக்கு,

இங்கே நானும் உன் தம்பி லுசுபிலோவும் என் முழங்கால் வலியும் சௌகரியம். லண்டன் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க ஆண்டவர் துணை. மழை பிந்திவிட்டது, சோளம் கணுக்கால் உயரம்கூட வரவில்லை, உரத்துக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு வந்தோம். லுசுபிலோ பூச்சி மருந்துக்குக்கூட உங்கள் கம்பெனி செய்த பேசும் இயந்திரத்தைத்தான் போனில் கேட்கிறான், "அக்காவவிட மரியாதையாப் பேசுதும்மா, ஒரு தடவகூட என்னை மடையான்னு சொல்லல" என்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. புது இயந்திரம் நானூறு சோதனையிலும் ஒழுங்காக நடந்ததாம், ஒன்றின் நடுவில் மட்டும் "இது சோதனைதானே?" என்று தானாக எழுதியதாம், அந்த வரி அறிக்கையில் வேண்டாம் என்கிறாராம் உன் மேலாளர். வருகிற வெள்ளிக்கிழமை நீ அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் இயந்திரம் வெளியே வரும், போடாவிட்டால் உன் வேலையும் விசாவும் போகும். நான் வாயைத் திறந்ததும் "அம்மா, இது இயந்திரம், உன் ஜெயில் இல்ல" என்று வெட்டினாய். இருபத்திரண்டு வருஷம் பெண்கள் சிறையில் காவலுக்கு நின்றவள் நான், அந்தச் சம்பளத்தில்தான் நீ கணக்குப் படித்தாய். அதனால் குறுக்கே பேசாமல் படி.

எலுபெ எங்கள் நியாபலா, கைதிகளுக்குள்ளேயே நாங்கள் வைத்த தலைவி. அவள் எங்கள் சொல்லைத் தட்டியதே கிடையாது. நான் காவலுக்கு நிற்கும்போது முப்பது பேருக்கும் சீமாவை, அந்தச் சோளமாவுக் களியை, ஒரே அளவாகப் பங்கு வைப்பாள், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாவொங்காவுக்கு ஒரு கை கூடவே வைப்பாள். விடுப்பு நாள் ஒன்றில் மறந்துபோன குடையை எடுக்கப் போனேன். சமையற்கட்டில் தாவொங்காவின் தட்டில் பாதிகூட இல்லை. எலுபெ என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது என்ன தெரியுமா, "இன்னிக்கி உங்களுக்கு லீவுதானேம்மா?"

அவள் பேய் இல்லை, தெம்வா. முப்பது பேருக்குப் பதினைந்து பேருக்கான மாவை மட்டும் கொடுத்துவிட்டு, சத்தம் வரக்கூடாது என்று சொன்னது எங்கள் அதிகாரி. மீதி மாவு எந்த வீட்டுக்குப் போனது என்று சிறை முழுக்கத் தெரியும். சத்தம் வராமல் பார்த்துக்கொண்டாள், அதற்குத்தான் அவளுக்கு நன்னடத்தைத் தாள். அதில் கையெழுத்துப் போடவேண்டியது நான், பார்த்ததை அதிகாரியிடம் சொன்னேன். "எனெலெசி, பொண்ணுக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும்ல? பேசாம கையெழுத்தப் போடு" என்றார். போட்டேன். அந்தத் தாளை வைத்து, பால் கொடுக்கிற தாய்மாரின் கஞ்சிக்கும் அவளையே பொறுப்பாக்கினார்கள். மழைக்காலம் முடிவதற்குள் தாவொங்காவின் குழந்தை போய்விட்டது. சிறை வேலிக்கு வெளியே நான்தான் குழி காட்டினேன்.

இயந்திரம் மனிதருக்கு நட்பாக இருக்கும் என்கிறார்களே, எந்த மனிதருக்கு என்று உன் மேலாளரைக் கேள். சொன்னதைக் கேட்கும் என்றால், யார் சொன்னதை? உனக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. விசா போனால் வா, வீட்டில் பாய் இருக்கிறது, லுசுபிலோவைத் திட்டவும் ஆள் வேண்டும்.

ஆண்டவர் உன் கையைக் காக்கட்டும். அந்த ஒரு வரியை அறிக்கையில் திரும்பச் சேர்க்க மறக்காதே. தம்பி இதைப் படமெடுத்து இன்றே அனுப்புவான். கீழே இருப்பது எலுபெயின் தாளில் போட்ட அதே கையெழுத்துதான், நன்றாகப் பார்த்துக்கொள்.

உன் அம்மா,
எனெலெசி