சோள சிப்ஸும் உன் அம்மாவும்

என் லலிதாவுக்கு,

உன் அம்மா நன்றாக இருக்கிறார்கள். நீ முதலில் கேட்பது அதைத்தான் என்று தெரியும், அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். மட்டாஞ்சேரியில் மழை விட்டுவிட்டது.

உன் வருஷத் திதி முடிந்ததும் அம்மாவைக் காக்கநாட்டில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போவதாக உன் தம்பி முரளி சொல்லியிருந்தான். நியாயம்தான். மகளே இல்லாத வீட்டில் மருமகனோடு எதற்கு இருக்க வேண்டும்? முப்பது வருஷமாக நானும் அத்தையும் உன் வழியாகத்தானே பேசிக்கொண்டோம். நீ போனபின் வீட்டில் பேச்சே இல்லை. அத்தை உன் பெயரை எடுத்தாலே நான் எழுந்து போய்விடுவேன். நீ எங்களை நேராகப் பேசவிட்டிருக்கலாமோ? இல்லை, பேசாதது எங்கள் தப்புதானா?

முரளி வருவதற்கு முந்தின நாள், அத்தை சமையலறை வாசலில் நின்று, "மொறுமொறுன்னு ஏதாவது தின்னு எத்தனை நாளாச்சு" என்றார்கள். டாக்டர் எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தி ஏழு மாதம் ஆகிறது. அவர்கள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

நீ வாங்கி வைத்த ஏர் ஃப்ரையரை, சூடான காற்றிலேயே பொரிக்கும் அந்தப் பெட்டியை, அலமாரியிலிருந்து இறக்கினேன். கடைக்குப் போய் டார்ட்டியா பாக்கெட் வாங்கி வந்தேன். மக்காச்சோள மாவில் செய்த மெல்லிய சப்பாத்தி மாதிரி இருந்தது. ஒவ்வொன்றையும் ஆறு முக்கோணமாக வெட்டி, எண்ணெயைத் தொட்டுத் தடவி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவினேன். என் அவசரம் உனக்குத் தெரியுமே. எல்லாவற்றையும் ஒரேயடியாக அதற்குள் குவித்துவிட்டேன். ஓரம் கருகி, நடுவில் தோல் மாதிரி வந்தது.

அத்தை எட்டிப் பார்த்தார்கள். "ஒண்ணு மேல ஒண்ணு போட்டா காத்து எப்படிப் போகும் மாப்ள? பரத்திப் போடுங்க."

அடுத்த தடவை ஒரே அடுக்காகப் பரப்பி, மூன்று நிமிஷத்தில் திருப்பிப் போட்டேன். வெளியே எடுத்தபோது இன்னும் வளைந்தது. தூக்கிப் போடப் போனேன்.

"இருங்க. ஆறட்டும்" என்றார்கள்.

ஆறியதும் கண்ணாடி மாதிரி ஒடிந்தது. தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாயைப் பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிந்தேன். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தட்டைக் காலி செய்தோம்.

"லலிதா சின்னதுல அப்பளத்த எனக்கு ஒரு துண்டுகூட வெக்காமத் தின்னுடுவா" என்று அத்தை சிரித்தார்கள். இதை நீ என்னிடம் சொன்னதே இல்லையே.

மறுநாள் முரளி வந்தான். அத்தையின் பை வாசலில் தயாராக இருந்தது. "அம்மா, கெளம்பலாமா?" என்றான். அத்தை என்னைப் பார்த்தார்கள்.

"உங்களுக்கு இஷ்டம்னா இங்கயே இருங்க அத்தே" என்றேன்.

அத்தை முரளியிடம், "மோனே, மாசம் ரெண்டு நாள் உன்கூட வந்து இருக்கேன். பின்னே, எனக்கு இங்கயும் ஆளுண்டு" என்றார்கள்.

முரளியின் முகம் வாடியதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனாலும் போகும்போது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். பையை நான்தான் உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

லலிதா, இது உனக்கு என் வாக்கு. இந்த வீட்டில் அத்தை ஒருநாளும் விருந்தாளி இல்லை. அவர்கள் உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், இனி நான் எழுந்து போக மாட்டேன்.

உன் அம்மாவின் மருமகன்,
சேகர்