பெரிய கட்டிலுக்கு ஒரு போர்வை

டூவூம்பா,
ஆகஸ்ட் 9.

அன்புள்ள பெரில் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஹோபார்ட் குளிரில் மாடிப்படி ஏறாதே என்றால் நீ எங்கே கேட்கப்போகிறாய்.

என் மகள் செய்த காரியத்தைக் கேள். மார்லி இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் யாராவது விழுந்தால், அடிபட்டால், ஊழியர்கள் ஒரு படிவம் எழுத வேண்டும். புதிதாக வந்த பெண் ஒருத்தி, காதலன் டெஸ்மண்ட் மார்லிக்கு முத்தம் கொடுத்ததைப் பார்த்துவிட்டு அதையும் படிவத்தில் எழுதிவிட்டாள். இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்து வருகிறவன் அவன். இனி அவன் வந்தால் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்று உத்தரவு.

மார்லி சும்மா இருப்பாளா? கூட்டம் போடச் சொன்னாள். நானும் டெஸ்மண்டும் போயிருந்தோம். தனக்குப் பெரிய கட்டில் வேண்டும், டெஸ்மண்ட் தங்கும் இரவுகளிலும் தூக்கும் இயந்திரத்தால் தன்னை அதில் படுக்க வைக்க வேண்டும் என்று கேட்டாள். விதியில் அப்படி எதுவும் இல்லை, எல்லாம் அவள் பாதுகாப்புக்குத்தான் என்றார் மேலாளர்.

அவள் பேச்சுதான் உனக்குத் தெரியுமே, ஒவ்வொரு வார்த்தைக்கும் போராட வேண்டும். எல்லோரும் காத்திருந்தோம்.

"விழுந்தா எழுதுங்க, சரி. இதுல 'அடிபட்ட இடம்'னு ஒரு கட்டம் இருக்கே, அங்க என்ன போட்டீங்க?"

"உதடுன்னு போட்டிருப்பாங்க" என்றான் டெஸ்மண்ட். மேலாளரே சிரித்துவிட்டார்.

"எனக்கு முப்பத்தாறு வயசு. தூக்கிப் படுக்க வைக்கத்தான் ஆள் வேணும். யார் பக்கத்துல படுக்கணும்னு சொல்றதுக்கு ஆள் வேண்டாம்."

பெற்றவள் நான், பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் மேலாளர் பழைய கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஆண்கள் வந்தால் கதவை மூடக்கூடாது என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன் எழுதியது. கீழே என் கையெழுத்து. வயது வந்தவளுக்கு அது செல்லவே செல்லாதாம். ஆனாலும் அதை வைத்துத்தான் இப்போது இந்த உத்தரவைப் போட்டிருக்கிறார்கள். பயத்தில் போட்ட கையெழுத்து அக்கா, அவள் நல்லதுக்கு என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அம்மா, பேனா வேணுமா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

என் கையெழுத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். மேலாளரும் சம்மதித்துவிட்டார், சனிக்கிழமை கட்டில் வருகிறது.

நம் வீட்டுப் பெண்கள் குடித்தனம் போகும்போதெல்லாம் நீ துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைத்துக் கொடுத்தாய். மார்லிக்கு மட்டும் நீ தைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. உன் வலி தெரிந்தும் இப்போது கேட்கிறேன். கட்டிலின் அளவை இத்துடன் வைத்திருக்கிறேன். மெதுவாகவே தை, ஆனால் இருவருக்கும் போதும்படி தை.

உன் தங்கை,
நோரீன்