மாப்பிள்ளையின் எண்ணுக்கு வந்த வெள்ளம்

பாசத்துக்குரிய மாப்பிள்ளைக்கு,

நலமா என்று இம்முறை கேட்கவில்லை. இங்கே உங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. வெள்ளம் எதுவரை வந்தது என்று வெளிநாட்டுப் பாலத்தூண்களைப் படமெடுத்து வந்து காட்டுவீர்களே, அதே மாதிரிக் கோடு. இதைப் பார்க்க விசா வேண்டாம். செம்பாக்கம் வந்தால் போதும்.

ஐந்து நாடுகள் பங்கு போடும் ஓர் ஆற்றுக்கு நீங்கள் ஆலோசகர். மேலே இருக்கும் நாடு அணையைத் திறக்கும் முன் கீழே இருக்கும் நாட்டுக்குச் சொல்ல வேண்டும். யார் சொல்வது, யாரிடம் சொல்வது என்று தீர்ப்பதிலேயே உங்கள் உத்தியோகம் முடிந்தது. "ஒரு வாய், ஒரு காது போதும் மச்சான். மூணாவது ஆள் வந்தா சண்டைதான்" என்பீர்கள். நான் தலையாட்டுவேன். என் தங்கை கலாவை உங்களுக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து ஆடிக்கொண்டிருக்கும் தலை.

ஓய்வு பெற்றவர் சும்மா இருந்திருக்கலாம். நமக்கு மேலே ஓர் ஏரி, அதன் கரையில் ஒரு நகர். அவர்கள் தெருவில் தண்ணீர் ஏறினால் உபரி நீர் வழியும் கலங்கலில் அடுக்கிய மணல் மூட்டைகளை எடுத்துவிடுவார்கள். அது கால்வாய் வழியே நம் வீடுகளுக்கு வரும். நீங்கள் இரண்டு குடியிருப்போர் சங்கங்களையும் கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து ஒப்பந்தம் போட்டீர்கள். மூட்டையை எடுக்கும் முன் அவர்கள் செயலாளர் தேவசகாயம் நம் பக்கத்துக்கு நியமித்த ஆளுக்கு, ஒப்பந்த மொழியில் 'நியமனருக்கு', செய்தி அனுப்புவார். அவருக்கு மட்டும். அவர் நம் தெருக்களுக்குச் சொல்வார். நியமனர் நீங்கள்தான். வேறு யாரையாவது நம்பியிருப்பீர்களா?

ஏற்பாடு நன்றாகவே நடந்தது, நீங்கள் இருந்தவரை.

புரட்டாசியில் போனீர்கள். ஐப்பசியில் மழை வந்தது. நடுவில் காது இல்லாமல் போனது யாருக்கும் உறைக்கவில்லை, உங்கள் காரியத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போன தேவசகாயம் உட்பட. தண்ணீர் மதியம் வந்தது. கலா தனியாக இருந்தாள். கீழ்க்கட்டளையில் என் வீட்டிலிருந்து நான் வந்து சேர்வதற்குள் மாடி வீட்டுக்காரர்கள் அவளைத் தூக்காத குறையாக மேலே ஏற்றியிருந்தார்கள். அவள் முட்டி வலி உங்களுக்குத் தெரியாததா? கொஞ்சம் தாமதித்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை இரண்டு பேருக்கு எழுத வேண்டியிருக்கும்.

மறுநாள் தேவசகாயம் வீட்டு வாசலில் நின்றேன். "ஏன் சார் சொல்லல?"

"சொல்லலையா? பாருங்க சார்." போனை நீட்டினார். உங்கள் பெயர், உங்கள் போட்டோ. மூட்டை எடுக்கிறோம், தங்கள் மக்களுக்குத் தெரிவிக்கவும். "ரெண்டு டிக் விழுந்திருக்கு. போய்ச் சேர்ந்துடுச்சு."

"அவரே போய்ச் சேர்ந்துட்டாரு சார்."

"தெரியும் சார், வருத்தம்தான். ஆனா வேற ஆளுக்கு அனுப்பினா ஒப்பந்தத்தை மீறினதா ஆயிடும். ஆளை மாத்தணும்னா ரெண்டு பக்கத்து நியமனரும் கையெழுத்து போடணும். சார் எழுதினதுதான்."

மனிதர் கிண்டல் செய்யவில்லை. ஐந்து நாடுகளுக்கு வராத ஒழுக்கம் அவருக்கு வந்திருக்கிறது. இதற்காக உங்களைப் பாராட்டுவதா?

இரண்டாவது டிக் எப்படி விழுந்தது என்று கலாவைக் கேட்டேன். உங்கள் போனுக்குத் தினமும் சார்ஜ் போடுகிறாள்.

"சத்தம் வந்துச்சு அண்ணா. யாரோ துக்கம் விசாரிக்கிறாங்கன்னு விட்டுட்டேன். அவர் போனை நான் என்னிக்குத் தொட்டேன்? ஆபீஸ் விஷயம்னு தர மாட்டாரே."

"பார்க்கலன்னா எதுக்கு சார்ஜ் போடற?"

"அணைஞ்சா நல்லாவா இருக்கும்?"

உங்கள் ஆற்று ஆணையத்தார் வீடியோவில் அஞ்சலிக் கூட்டம் நடத்தினார்கள். மாடி வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம், கீழே இன்னும் சேறு. கோட்டு போட்ட ஒருவர், நீங்கள் வகுத்த முறை இன்றும் உயிரோடு இருக்கிறது என்றார். கலா என்னைப் பார்த்தாள். நான் மைக்கை அணைத்துவிட்டேன்.

போன வாரம் மறுபடி வானம் இருட்டியது. உங்கள் போன் சத்தம் போட்டது. இம்முறை கலா எடுத்தாள். பூட்டுக்குத் தன் பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தாளாம், திறந்துகொண்டது. அதை அவளிடம் ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா நீங்கள்?

அதிலிருந்தே தேவசகாயத்தைக் கூப்பிட்டாள். "கலா பேசறேன். எங்க தெருவுக்கெல்லாம் சொல்லி முடிக்கிறவரைக்கும் மூட்டையில கை வைக்காதீங்க."

"மேடம், ஒப்பந்தப்படி நியமனர்தான்..."

"நம்பர் அவரோடதுதானே? யார் பேசினா உங்களுக்கு இன்னா?"

என் தங்கை வாயில் 'இன்னா' வந்து அன்றுதான் கேட்டேன். அந்தப் பக்கம் தேவசகாயம் யோசித்தார். எண் சரியாக இருந்தது. மூட்டைகள் காத்திருந்தன. கலா கட்டிலில் உட்கார்ந்து வீடு வீடாக போன் செய்தாள். ஸ்கூட்டர்கள் மேட்டுக்குப் போயின, அரிசி பரணுக்குப் போனது, கடைசியாக அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நிதானமாக மாடி ஏறி, "இப்ப எடுங்க" என்றாள். தண்ணீர் வந்தது. சொல்லிவிட்டு வந்தது.

உங்கள் எண்ணுக்கு இனி நான் ரீசார்ஜ் போடுகிறேன். மேலே ஏரியும் கீழே கலாவும் இருக்கும்வரை அதை அணைய விடமாட்டேன். உங்கள் மேல் உள்ள கோபத்துக்கு அப்படி எந்த உறுதியும் தர முடியாது. முதலில் சுவர் காயட்டும்.

இனித் தலையாட்டாத,
கலாவின் அண்ணன்